வெளியேறும் முன்பும், வெளியேறாமலும்: புகுந்த வீட்டுக் கொடுமையில் ஒரு மனைவி செய்ய வேண்டியவை

"கொஞ்சம் பொறுத்துப் போ" என்பவர்களும் "உடனே கிளம்பி வா" என்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று இருவரும் கேட்பதில்லை. பெரியவர்கள் பார்த்து, ஜாதகம் பொருந்தி நடந்த திருமணத்தில் முதல் ஆறு மாதத்துக்குள் நகை மாமியாரின் பீரோவுக்கும், சான்றிதழ் மாமனாரின் பெட்டிக்கும், ஏ.டி.எம். கார்டு கணவரின் பர்ஸுக்கும் போய்விடுகிறது. யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். "பத்திரமா வச்சிருக்கேன், குடும்மா" என்றுதான் வாங்கியிருப்பார்கள். கொடுமை முற்றும்போது அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இங்கே சொல்வதெல்லாம் அந்தக் காகிதத்தைச் சேர்ப்பது பற்றியும், அதை எங்கே, எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பது பற்றியும்தான். நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

பெண் வீட்டார் பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம், புகார் கொடுத்தாலே விவாகரத்துதான் என்ற நினைப்பு. அது சரியில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உரிமையியல் (சிவில்) நிவாரணத்துக்கானது. அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, அடிக்கக் கூடாது, வெளியே தள்ளக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று உத்தரவு வாங்கலாம். வீடு கணவர் பெயரில் இல்லாமல் மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாலி கழுத்தில் இருக்கும்போதே இவ்வளவும் நடக்கும்.

அடி மட்டும்தான் வன்முறை என்றும் நினைக்க வேண்டாம். வேலைக்கு விடாமல் தடுப்பது, சம்பளத்தை வாங்கிக்கொள்வது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காசு தராமல் வைப்பது, அம்மாவிடம் பேசவிடாமல் போனைப் பறிப்பது, விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திக்காட்டுவதைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்துவதைக் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வன்புணர்வு என்று எண்ணவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தில் அது பாலியல் வன்முறைதான். சொல்லக் கூச்சப்பட்டு இதை மனுவில் விட்டுவிடுபவர்கள் அதிகம். பிறகு சேர்த்தால், "முதலில் ஏன் சொல்லவில்லை" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பால் கணக்கு நோட்டு

முதல் வேலை ஒரு நோட்டு. தனி டைரி வேண்டாம், யாராவது எடுத்துப் படிப்பார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கமே போதும். நடந்த அன்றோ மறுநாளோ எழுத வேண்டும். "இன்றைக்கும் ரொம்பக் கொடுமை" என்ற வரி எதற்கும் உதவாது. தேதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார், அதன் பிறகு என்ன ஆயிற்று என்று இருக்க வேண்டும். இப்படி:

"மார்ச் 4, செவ்வாய், இரவு 9.30. சமையலறை. கணவர், தன் தம்பிக்கு பைக் வாங்க இரண்டு லட்சம் அப்பாவிடம் கேள் என்றார். முடியாது என்றேன். இடது கன்னத்தில் இரண்டு அறை. மாமியார் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வீட்டு அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். 9.50-க்கு அம்மாவுக்கு போன் செய்தேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். போன் செய்த பதிவு அம்மாவின் போனிலும் இருக்கும். நோட்டும் அதுவும் ஒத்துப்போனால் நோட்டுக்கு எடை கூடும். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும். வாரம் ஒரு முறை பக்கத்தைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனில் அழித்துவிடுங்கள். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒலிப்பதிவும் பயன்படும். பதிவான போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மூலப் பதிவு இருக்கும் கருவியை நீதிமன்றம் கேட்கலாம்.

ஆடி, தலைதீபாவளி, வளைகாப்பு

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு சந்தேகம் வராமல் வாசலைத் தாண்டுவது எப்படி? ஊர் வழக்கமே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைப்பார்கள். தலைதீபாவளி அங்கேதான். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அங்கேதான் போவார்கள். தம்பி கல்யாணம், ஊர்த் திருவிழா, குலதெய்வப் பொங்கல் என்று வருடத்தில் மூன்று நான்கு முறை பெட்டி கட்ட நியாயமான காரணம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் பீரோ காலியாவது கண்ணில் படும்.

எடுக்க வேண்டிய வரிசை: பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், பட்டப்படிப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும், கர்ப்பமாக இருந்தால் மருத்துவமனைக் குறிப்பேடு. மூலத்தை எடுக்க முடியாதவற்றுக்குப் படம் எடுத்து, அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றிவையுங்கள். டிஜிலாக்கருக்கான ஓ.டி.பி. ஆதாரில் இணைந்த எண்ணுக்குத்தான் வரும். அது கணவரின் எண்ணாக இருந்தால், பிறந்த வீட்டுக்கு வரும்போது ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். உங்கள் கைரேகை போதும், அவர் வர வேண்டியதில்லை.

திருமணத்துக்கான ஆதாரத்தையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் கிராமங்களில் பாஸ்போர்ட் தேவைப்படும் வரை யாரும் போவதில்லை. பதிவு இல்லை என்றால் பத்திரிகை, தாலி கட்டும் படம், மண்டப ரசீது, கோயில் ரசீது, மொய் நோட்டு எல்லாவற்றையும் அம்மா வீட்டில் ஒரு உறையில் போடுங்கள். கணவர் வீட்டு ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருந்தால் அதன் நகலும் வேண்டும். அந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது.

சான்றிதழைத் தர மறுக்கிறார்கள் என்றால், புது நகல் வாங்குவதற்காக "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். "பறித்து வைத்திருக்கிறார்கள்" என்றே எழுதுங்கள். திருப்பித் தரச் சொல்லி குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட முடியும். தொலைந்தது என்று நீங்களே எழுதிவிட்டால் அந்தக் கோரிக்கை அடிபட்டுப் போகும்.

நகை

பெண்ணுக்குப் போட்ட நகை, அவளுக்குக் கொடுத்த சீர்வரிசை எல்லாம் அவளுடைய சீதனம். புகுந்த வீட்டார் வைத்திருந்தாலும் அவர்கள் பாதுகாவலர் மட்டுமே என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டும் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடி. சிக்கல் சட்டத்தில் இல்லை, கணக்கில்தான். "நாற்பது பவுன் போட்டோம்" என்பார் அப்பா. எந்த நகை, எத்தனை கிராம் என்று கேட்டால் மௌனம்.

பவுனுக்கு 8 கிராம் என்ற கணக்கில், நகை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுங்கள்: ஆரம், நெக்லஸ், வளையல் ஜோடி, தோடு, ஒட்டியாணம், ஒவ்வொன்றின் எதிரே எடை, வாங்கிய கடை, தேதி, பில் எண். பில் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள். பழைய நகையை மாற்றி வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெரியும் படத்தின் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். கல்யாண சமயத்திலேயே பரிசுப் பொருள் பட்டியல் தயாரித்து மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கடைப்பிடிப்பவர்கள் அபூர்வம், ஆனால் தங்கை கல்யாணத்தில் செய்யலாமே. நகையை அடகு வைத்திருந்தால் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கையெழுத்தில் வைக்கச் சொன்னால், பணம் யாருக்குப் போயிற்று என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

வரதட்சணை கொடுப்பதும் குற்றமாயிற்றே, நாமும் மாட்டுவோமோ என்று அப்பாக்கள் பயப்படுவது நியாயம்தான். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7(3) பிரிவைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீது இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது.

போனும் பணமும்

வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் உங்கள் செய்தி எல்லாம் இன்னொருவர் படிக்கிறார் என்று பொருள். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, போனில் யாருடைய ஜிமெயில் கணக்கு ஓடுகிறது என்பதையும் பாருங்கள். கண்டுபிடித்ததும் துண்டித்துவிடத் தோன்றும். பொறுங்கள்! திடீரென்று துண்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த போனை வழக்கம்போல வைத்துக்கொண்டு, முக்கியமான பேச்சை வேறு போனில் வைத்துக்கொள்வதே நல்லது. கர்ப்பிணியைப் பார்க்க வரும் கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோரிடம் தனியாகப் பேச எந்த மாமியாரும் தடை சொல்வது கஷ்டம். அவர்கள் போனிலிருந்தே பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

பணத்துக்குத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு நல்லது; 500 ரூபாயில் தொடங்கலாம். பிறந்த வீட்டு முகவரி, சொந்த எண். மகப்பேறு நிதி உதவி, வேலைச் சம்பளம் எது வந்தாலும் எந்தக் கணக்குக்கு வருகிறது என்று நீங்களே தீர்மானியுங்கள். ஒரு மாத வாடகையும் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தால் முடிவெடுக்கும் தைரியம் தனியாக வரும்.

அடி விழுந்த நாள்

சண்டை மூளும்போது சமையலறையிலும் குளியலறையிலும் நிற்காதீர்கள். ஒன்றில் கத்தி, அடுப்பு. மற்றதில் வெளியே வர ஒரே கதவு. வாசலுக்குப் பக்கமாக நகருங்கள். அவசரத்துக்கு 112.

கழுத்தை நெரித்திருந்தால் மற்ற கணக்கெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே வெளியே வாருங்கள். வெளியே தழும்பு தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். ஒருமுறை நெரித்த கை மறுமுறை நிற்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கெரோசின், பெட்ரோல், கேஸ் என்று மிரட்டுவதற்கும் இதே விதிதான்.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல். "எப்படி ஆச்சு?" என்று மருத்துவர் கேட்கும்போது கணவரோ நாத்தனாரோ பக்கத்தில் நின்றால், "வழுக்கி விழுந்துட்டேன்" என்ற பதில்தான் வாயில் வரும். அது அப்படியே பதிவாகி, வழக்கு முழுவதும் கூடவே வரும். தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார் என்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுங்கள். மூன்றாம் நாள் மறுபடி எடுங்கள். கன்றிப்போன நிறம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

எல்லாம் போதும், செத்துவிடலாம் என்று தோன்றும் இரவுகளுக்கு 104 அல்லது டெலி-மனஸ் 14416. மனநல உதவி கேட்டதை வைத்து "பைத்தியம்" என்று கதை கட்டுவார்களோ என்ற பயம் பலருக்கு. அதற்காக உதவி கேட்காமல் இருக்க வேண்டாம்.

யாரிடம் போவது

எல்லோரும் நேரே மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் ஓடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து, கடும் காயம் என்றால் அதுதான் சரி. மற்றபடி முதல் வாசல் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். சமூக நலத்துறையின் கீழ், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருப்பார். அவர் உங்களிடம் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கையை முதலாம் படிவத்தில் தயாரிப்பார். மனு இரண்டாம் படிவம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளில் ஐந்தாம் படிவம் ஒன்றும் உண்டு, பாதுகாப்புத் திட்டம். எந்த வன்முறை மறுபடி நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதும் அட்டவணை அது. கேட்டு வாங்கி நிரப்புங்கள், அவர்களாகப் பெரும்பாலும் தருவதில்லை.

தங்க இடமில்லை என்றால் 181-க்குப் பேசினால் "சகி" ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். சில நாள் தங்கல், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடை ஆகாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வருமான வரம்பே பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் தருகிறது. எண் 15100.

நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிவு என்பது சட்டத்தின் ஆசை. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே முதல் நாளே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவைப் பெண்கள்மீது போட முடியாது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மனுவில் செய்யும் பெரிய தவறு, குடும்பத்தில் இருக்கும் அத்தனை பேரையும் இழுப்பது. சென்னையில் இருக்கும் நாத்தனார், துபாயில் இருக்கும் கொழுந்தனார், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று பன்னிரண்டு பெயர் போட்டால் உயர் நீதிமன்றம் பாதிப் பேர்மீதான வழக்கை ரத்து செய்துவிடும். மிச்சப் பேர்மீது சொன்னதும் பலவீனமாகிவிடும். செய்தவர் பெயரை மட்டும், அவர் செய்ததோடு சேர்த்து எழுதுங்கள். கடைசியாக நடந்ததை முதலில் வையுங்கள். பால் கணக்கு நோட்டு இங்கேதான் கை கொடுக்கும்.

காவல் நிலையத்தில்

மனுவைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேளுங்கள். அது இல்லாமல் வெளியே வந்தால் நீங்கள் வந்ததற்கே சான்று இல்லை. பிறகு இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். இந்த இடத்தில்தான் "இனி ஒழுங்காக இருப்பார், சேர்ந்து வாழச் சம்மதம், புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி வாங்குவது நடக்கும். சேர்ந்து வாழ நீங்களே விரும்பினால் தவறில்லை. அப்போது அவர் செய்ததை ஒப்புக்கொண்டு எழுதியதும், அதன் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். "புகார் பொய்" என்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்து, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

கொடுமைக் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ. மூன்று ஆண்டு வரை சிறை. உடனே கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2014-லிருந்தே உச்ச நீதிமன்றம் அதைக் கட்டுப்படுத்திவிட்டது, பெரும்பாலும் நோட்டீஸ்தான். நிலையத்தில் மனுவை வாங்கவே மாட்டோம் என்றால், ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் நடுவரிடம் போகலாம்.

பதினெட்டுக்குக் கீழே கட்டி வைத்திருந்தால்

குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரி இருபது வயது நிறையும் வரை அந்தப் பெண்ணே மனு போடலாம். பதினெட்டுக்கு உட்பட்ட மனைவியுடன் உடலுறவு கொள்வது, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கணவராக இருந்தாலும் குற்றம்.

கிளம்பிய பிறகு வரும் காகிதங்கள்

கிளம்பும் நாளை யாரிடமும் சண்டையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மிக ஆபத்தான நேரம் அதுதான். பிள்ளைகளை விட்டுவிட்டு "அப்புறம் வந்து கூட்டிக்கிறேன்" என்று போவதும் வேண்டாம். பிறகு மீட்பது தனி வழக்காகிவிடும்.

முதலில் வருவது "மனைவியைக் காணவில்லை" என்ற புகார். இதை முந்திக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த அன்றே அங்குள்ள காவல் நிலையத்தில், வயது வந்தவள், சொந்த விருப்பத்தில், கொடுமை காரணமாக வந்திருக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கணவர் ஊர் நிலையத்துக்கும் ஒரு நகல் தபாலில் போகட்டும்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ்: "தகுந்த காரணமின்றி வீட்டைவிட்டுச் சென்றுவிட்டீர், வந்து சேர்ந்து வாழ வேண்டும்." படித்தால் அழைப்பு போலத் தெரியும். நீங்கள்தான் விட்டுப் போனீர்கள் என்று பதிவு செய்வதே அதன் நோக்கம். பதில் சொல்லாமல் கிழித்துப் போட்டால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஏன் வந்தீர்கள் என்பதைத் தேதிகளோடு பதிலில் எழுதுங்கள். இந்து திருமணச் சட்டம் 9-ஆவது பிரிவில் அவர் வழக்கே போட்டு ஜெயித்தாலும், உங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த வீட்டில் விட எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.

ஜீவனாம்சத்துக்கு நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-ஆவது பிரிவில் மனு போடலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த இன்னொரு தீர்ப்பின்படி தொகை, மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம். இருவரும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்கு வேலையே இல்லை" என்று அவர் சொல்வார். அவருடைய சம்பளச் சீட்டு, பைக் இ.எம்.ஐ., கடை போர்டின் படம், நில ஆவணத்தின் சர்வே எண் என எதெல்லாம் வீட்டில் இருக்கும்போது கண்ணில் பட்டதோ, அதையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்ததும் நகல் இலவசமாகத் தருவார்கள். ஒன்றை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், இன்னொன்றைப் படமெடுத்து போனில் வையுங்கள். அவர் மீறினால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வாசலில் வந்து நின்று கத்துபவரைப் பற்றி 112-க்குச் சொல்லும்போது, "எனக்கு நடுவர் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது" என்பதையும் உத்தரவின் எண்ணையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.